நான்கு ஏழுகள்

சீட்டாட்டத்தில் ஜெயித்த சவரக்கத்தி இது.
தோர்வால்டிடம் மூன்று ராணிகள்,
என்னிடம் நான்கு ஏழுகள்.
காசு தீர்ந்துபோய் கத்தியைத்தான் மேசையில் வைத்திருந்தான்.
தோற்றதும் ஒரு குதிரைத்தோல் வாரையும் என் பக்கம் எறிந்தான்:
"இது இல்லாவிட்டால் அது வெறும் தகடு."

கிருணாவுக்கு வடக்கே சிக்னல் அறை.
ஒரு தாதுவண்டி போனால் அடுத்தது வர நாற்பது நிமிடம்.
ஜன்னல் கொக்கியில் வாரை மாட்டினேன்.
வெளியே நவம்பர்,
பகல் பன்னிரண்டுக்கே விளக்குக் கேட்கும் வெளிச்சம்.

முதல் குளிர்காலம் முழுக்க அழுத்தினேன்.
அழுத்தினால் கூர் வரும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நெம்புகோலை, உறைந்த கதவை, வீட்டு மனிதர்களை
அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்திருந்தேன்.
கத்தியின் வாய் சுருண்டுகொண்டது.
தாடை எரிய, காலரில் ரத்தத்தோடு வீடு போனால்
மாய்லிஸ் கேட்பாள்,
"இன்று யாரோடு?"

முதுகு முன்னே போக வேண்டும்,
வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும்.
கோடியில் திரும்பும்போது முதுகை ஊன்றிப் புரட்டு.
வாயை ஊன்றினால் வார் போச்சு.
இவ்வளவுதான்.
ஒரு தபால் அட்டையில் எழுதி, மிச்ச இடத்தில்
நலம் விசாரிக்கலாம்.
எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

வாரில் ஏழு வெட்டுகள்.
கொக்கிக்குப் பக்கத்தில் இருப்பது மூன்றாவது:
டெலிபோன் அடித்தது, தலையைத் திருப்பினேன்;
மலைச்சரிவில் பனி இறங்கிப் பாதையை மூடியிருந்தது.
நடுவில் நீளமாகக் கிடப்பது
மகள் பிறந்த செய்தி வந்த இரவு.
சந்தோஷத்திலும் கை தடுமாறும் என்று
வார்தான் என்னிடம் சொன்னது.
ஐந்தாவதுக்கு எந்தக் காரணமும் இல்லை.
அன்று நான் நன்றாகத் தீட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்தேன்.
தடவினால் வழுவழுப்பு;
கண்ணுக்கு மட்டும் தெரியும்.

எப்போது கைக்கு வந்தது, தெரியாது.
ஏதோ ஒரு மார்ச்சில் ஓசை மாறியிருந்தது.
முன்பெல்லாம் யாரையோ அறைகிற சத்தம்.
இப்போது பக்கத்து அறையில் ஒருவர்
புத்தகத்தின் பக்கம் புரட்டுகிற சத்தம்.
கித்தானில் இருபது, தோலில் அறுபது,
பிறகு எண்ணுவதும் நின்றுபோனது.
தண்டவாளம் அதிர்ந்தால் கை தானாக நிற்கும்;
ஐம்பத்திரண்டு பெட்டிகள் கடந்ததும்
விட்ட இடத்திலிருந்து தொடரும்.
முன்னங்கை மயிரில் வைத்துப் பார்ப்பேன்.
அறுபட்டது அந்த மயிருக்கே தெரியாது.

போன வாரம் தோர்வால்ட் வந்தான்.
நார்விக்கில் அவனுக்கு இரண்டாம் கல்யாணம்,
மாலை வண்டியைப் பிடிக்க வேண்டும்,
முகத்தில் மூன்று நாள் தாடி.
"என் கத்தி இருக்கிறதா?"
அந்த 'என்'னை நான் திருத்தவில்லை.
கோட்டைக் கழற்றினான், வாரை இழுத்துப் பிடித்தான்.
சரக், சரக்,
முழங்கையிலிருந்து, முழு பலத்தோடு,
முதல் குளிர்காலத்து நான்.

அப்போதுதான் அந்தச் சீட்டு மேசை ஞாபகம் வந்தது.
பதினாறு வருடத்துக்கு முன்
மூன்று ராணிகளை விரித்தவனின் தாடையில்
மூன்று இடங்களில்
செய்தித்தாள் துணுக்கு ஒட்டியிருந்தது.
ஜெயித்ததாகவே நான் நினைத்திருந்தேன்.
அவன் தொல்லையைத் தலைமுழுகியிருக்கிறான்.

மெதுவாக என்று சொல்ல வாயெடுத்தேன்.
மணி அடித்தது. நெம்புகோலுக்குப் போனேன்.
ஐம்பத்திரண்டு பெட்டிகள்.
திரும்பி வந்தால் வாரின் கீழ்க்கோடியில்
நகக்கண் அகலத்துக்குப் புதிதாக ஒன்று,
எட்டாவது, என்னுடையதல்லாதது.
அதற்கு உப்புத்தாள் எடுக்கப் போவதில்லை.

நுரைக்குள்ளிருந்து விசிலடித்துக்கொண்டிருந்தான்.
என் அறுபதை அவன் பத்து
முழுதாகக் கெடுத்துவிடவில்லை;
காதுக்குக் கீழே ஒரே ஒரு கீறல்.
"நன்றாகத்தான் வைத்திருக்கிறாய்," என்றான்,
கண்ணாடியைப் பார்த்தபடி.
"ஒரு துண்டுக் காகிதம் கிடைக்குமா?"

சுவரிலிருந்த வண்டிநேர அட்டவணையில்
ஞாயிற்றுக்கிழமையின் ஓரத்தைக்
கிழித்துக் கொடுத்தேன்.