ஒரு மணி நேரம் பிந்திய கரை

குவாதியானா ஆற்றின் மேல் ஒரு பாலம்.
இந்தப் பக்கம் ஸ்பெயின், அந்தப் பக்கம் போர்ச்சுகல்.
ஏழு மணிக்கு ரொட்டி வண்டியோடு இங்கிருந்து கிளம்பினால்
அங்கே போய்ச் சேரும்போது மணி ஆறேகால்.
தினமும் எனக்கு முக்கால் மணி நேரம் இனாம்.
திரும்பி வரும்போது
பாலத்தின் இந்த முனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.

நெருக்கடி வந்த வருஷம்
இக்கரை அரசு தோண்டு என்றது.
நன்றாக இருந்த சதுக்கத்தைப் பெயர்த்தார்கள்.
எடுத்த கல்லையே திருப்பிப் பதித்து
நடுவில் ஒரு நீரூற்று.
திறப்பு விழா அன்று தண்ணீர் வந்தது.
பக்கத்தில் ஆளுயரப் பலகை:
இத்தனை யூரோ, இத்தனை பேருக்கு வேலை.
அந்தப் பலகையை நடவே மூன்று பேருக்கு இரண்டு நாள் ஆனது.
அதையும் கணக்கில் சேர்த்தார்களா என்று
எவுத்திமியோவைக் கேட்டேன்.
கொத்தனார், பதினெட்டு மாதம் சும்மா இருந்தவன்.
'சேர்த்தால் என்ன, சேர்க்காவிட்டால் என்ன,
இரண்டு ரொட்டி கொடு' என்றான்.
அதுவரை ஒன்றுதான் வாங்குவான்.

அக்கரை அரசு இறுக்கு என்றது.
கிறிஸ்துமஸ் சம்பளம் போயிற்று.
பெலார்மீனுவின் காப்பிக்கடைக்கு வரி ஏறியது.
நர்ஸ் கிராசியெத்தே
ரொட்டி சுற்றிய தாளில் சம்பளத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள்,
மறு மாதம் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினாள்.
அம்மாவுக்குத் தினம் அரை ரொட்டி வைக்கச் சொல்லி
வீட்டுச் சாவியை என்னிடம் தந்தாள்.
வலி கொஞ்ச நாள்தான், நம்பிக்கை திரும்பி வரும் என்றார்
தொலைக்காட்சியில் அமைச்சர்.
எந்தப் பேருந்தில் வரும் என்று பெலார்மீனு கேட்டான்.
பேருந்தையும் அந்த மாதம் நிறுத்தியிருந்தார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஒருவர் அளக்காமல் போட்டார்.
ஒருவர் அளந்துகொண்டே இருந்தார், போடவில்லை.
ஆறு அதன்பாட்டுக்கு நடுவில் போனது.

வட்டி கிட்டத்தட்ட பூஜ்யம் என்றார்கள்,
இரண்டு கரைக்கும் ஒரே நாணயம், ஒரே வட்டி.
அடுப்பு மாற்றக் கடன் கேட்டுப் போனேன்.
வங்கி மேலாளர் நல்ல மனிதர், நாற்காலி போட்டார்.
'ரொட்டி விற்கும் என்று காட்டுங்கள், தருகிறோம்.'
'ஜனங்கள் கையில் காசு இருந்தால் விற்கும்.'
'அது எங்கள் பிரிவு இல்லை, அம்மா.'

எந்தக் கரை சரி என்று என்னைக் கேட்காதீர்கள்,
நான் பொருளாதாரம் படித்தவள் இல்லை.
ஆனால் கல் பதித்த அந்த நான்கு மாதமும்
நாற்பது ரொட்டி கூடுதலாகச் சுட்டேன்.
மாவு பிசைய லிசார்தோவை வேலைக்கு வைத்தேன்.
அவன் முதல் சம்பளத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான்,
அதைப் பழுது பார்த்த மெக்கானிக்
மகள் ஞானஸ்நானத்துக்கு என்னிடம் பாதாம் கேக் சொன்னான்.
ஊர் சுற்றிய காசு என் கல்லாவிலேயே வந்து விழுந்ததை
ஒரு தடவை, என் கண்ணால் பார்த்தேன்.
ஐந்தாம் மாதம் கல் தீர்ந்தது.
லிசார்தோவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடன் நோட்டில் இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன்.
இக்கரைப் பக்கம் பெயர்கள் ஓரம்வரை நிரம்பிவிட்டன.
அக்கரைப் பக்கத்தில் வரவு அதிகம்.
ஊர் திருந்தியதால் அல்ல,
இங்கிலாந்திலிருந்து கிராசியெத்தே
அம்மா கணக்கோடு அடுத்த வீட்டுக் கணக்கையும் அடைக்கிறாள்.
இதை எந்த அரசு தன் வெற்றியில் எழுதிக்கொள்ளும்?
எழுதிக்கொள்ளும் என்றுதான் நினைக்கிறேன்.

போன மார்ச்சில் காற்று பலகையைச் சாய்த்தது.
எவுத்திமியோ ராவோடு ராவாகத் தூக்கிப் போய்
கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டுவிட்டான்.
தொகை எழுதிய பக்கம் உள்ளே,
கோழிகள் அண்ணாந்து பார்க்கின்றன.
முட்டைகளை நான் வண்டியில் ஏற்றி
அக்கரையில் பெலார்மீனுவுக்கு விற்கிறேன்,
டஜனுக்கு இருபது சென்ட் எனக்கு.
ஒன்றும் உடையாமல் பாலம் தாண்ட வேண்டும்,
மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.
போய்ச் சேரும்போது அங்கே இன்னும் விடிந்திருக்காது.