யாரும் எழக்கூடாது

குளியல்தொட்டியில் மூன்று நாளாகக் கெண்டை மீன்.
ஆகவே மூன்று நாளாக எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை.
ஒஸ்ட்ராவா, ஐந்தாம் மாடி, தொண்ணூற்று நான்கு டிசம்பர்.
கேசட் அங்கேதான் தொடங்குகிறது:
வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்,
ராதிம் அதற்கு வைத்த பெயர் மேனேஜர்,
காமிராவுக்குப் பின்னால் அப்பாவின் இருமல்.

இருபத்துநாலாம் தேதி பகல் முழுக்கப் பட்டினி.
பசி பொறுத்தவருக்குச் சுவரில் தங்கப் பன்றி தெரியும் என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது.
ராதிமுக்குத் தெரியவில்லை.
அவன் சட்டைப்பையில் வனிலா பிஸ்கட் தூள்.

முதல் வெள்ளி முளைத்ததும் சாப்பாடு.
உட்கார்ந்தபின் யாரும் எழக்கூடாது.
முதலில் எழுந்தவர்
அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருக்கமாட்டார்.
அதனால் எல்லாமே மேசைமேல்:
மீன் சூப், பொரித்த மீன், அரை வாளி உருளைக்கிழங்கு சாலட்,
உப்பு, கைதுடைக்கத் துண்டு, என் சளிக்கென்று ஒரு கைக்குட்டை.
டெலிபோனைக்கூட வயரோடு இழுத்துவந்து
காலடியில் வைத்துக்கொள்வாள் அம்மா.

காமிரா மட்டும் ஃபிரிட்ஜ் மேல்.
நிறுத்தப் போக ஆளில்லாததால்
நாங்கள் மென்றதையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருந்தது.
விளாஸ்தா அத்தை வருடாவருடம் சொல்லும்
பனியில் சிக்கிய பஸ் கதையை,
அந்தக் கதைக்கு வருடாவருடம் ஒரு பயணி கூடுவதை,
முள் எடுக்கும் விரல்களை,
பேச்சே இல்லாத ஏழு நிமிடத்தை.

நாற்பத்தோராம் நிமிடம்
அப்பா நிமிர்ந்து காமிராவைப் பார்க்கிறார்.
டேப் தீரப்போகிறது.
இரண்டு கையையும் மேசையில் ஊன்றுகிறார்.
நாற்காலி ஓர் அங்குலம் பின்னால்

ஐஸ் ஹாக்கி.
வெள்ளைச் சட்டைகள், சிவப்புச் சட்டைகள்,
யாரோ யாரையோ பலகையில் மோத,
பத்தொன்பது நிமிடம்.

பிறகு எதுவுமே நடக்காததுபோல்
எங்கள் வீடு திரும்பி வருகிறது.
வாதுமை ஓட்டுப் படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு துளி மெழுகுத்தீ,
அலுமினியத் தட்டில் மிதக்கின்றன.
கரையை ஒட்டி நிற்கும் படகின் ஆள் வீட்டோடு இருப்பார்.
எல்லோரும் படகைப் பார்க்கிறோம்.
அம்மா அப்பாவைப் பார்க்கிறாள்.

முப்பது வருடமாக ராதிம்தான் குற்றவாளி.
ஹாக்கிப் பைத்தியம் வேறு யார் அந்த வீட்டில்?
நானில்லை நானில்லை என்று அழுதான்.
ஜனவரி முழுக்க அவனுக்கு டிவி கிடையாது.
இப்போது வழுக்கை விழுந்து, இரண்டு பிள்ளை பெற்று,
ரயிலடிக் கடையில் பழைய கேசட்டையெல்லாம் மாற்றிவந்து
லேப்டாப்பில் போட்டுக் காட்டுகிறான்.
“பாருங்கள், இதற்குத்தான் நான் அடி வாங்கினேன்.”

அம்மா ஆப்பிளைக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தாள்.
நடுவில் நட்சத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.
நிமிராமல் சொன்னாள்:
“நான்தான் அழித்தேன்.
எந்த ஆட்டம் என்றுகூடத் தெரியாது.
எது ஓடிக்கொண்டிருந்ததோ அது.”

பதிவில் இல்லாவிட்டால்
எழுந்ததே இல்லை என்றாகுமா அம்மா?

“தெரியவில்லை.
அந்த வருடம் முழுக்க
ராத்திரி உன் அப்பா மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.”

ராதிம் வாயைத் திறந்து
திறந்து மூடினான்.
பக்கத்து அறையில் எழுபத்தொன்பது வயது அப்பா
ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமாக.

இந்த வருடம் ஃபிரிட்ஜ் மேல் என் செல்போன்,
சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தது.
சூப்பின் நடுவில் வழுக்கி மல்லாந்தது.
ஆறு பேரும் திரும்பினோம்.
அப்பாவின் கை மேசையில் ஊன்றியது.
அம்மா முட்கரண்டியைக் கீழே வைக்காமலே
மற்றக் கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி பதினாறு நிமிடம்
வெறும் கூரை. நீர்க்கசிவின் கறை ஒன்று.
கீழே எங்கோ கரண்டிச் சத்தம்,
அத்தையின் பஸ்ஸில் புதிதாக ஏறுகிறார் ஒரு பாதிரியார்,
யாரோ உப்பு கேட்கிறார்கள்,
கையிலிருந்து கைக்கு
உப்பு போகிறது.