பிறகு நினைவூட்டு

காலை பத்தரை. ஜாம்பஜாரில் மீன் கழுவிய தண்ணீர்
எங்கள் மாடிப்படி வரை வந்து தயங்கும் நேரம்.
திரையின் வலது மூலையில்
அந்தச் சின்னப் பெட்டி மறுபடியும்:
இப்போதே மேம்படுத்து.
பிறகு நினைவூட்டு.
மூன்று வருடமாய் இரண்டாவதைத்தான் அழுத்துகிறேன்,
கடன்காரனை வெள்ளிக்கிழமை வரச் சொல்வதுபோல.

திருட்டில்தான் கற்றேன் முதலில்.
தி.நகர் பயிற்சி மையம், முப்பது கணினிக்கும் ஒரே சாவி எண்.
பிறகு ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி வேலைக்கு
மொத்தமாய்ப் பணம் வந்தது.
வளையல் வாங்கு என்றான் பெஞ்சமின்.
நான் பெட்டியோடு மென்பொருள் வாங்கினேன்.
இருபத்துநான்கு இலக்கம்,
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்.
இந்த ஊரில் ஐந்து வீடு மாறிவிட்டோம்,
ஐந்திலும் ஆணி அடிக்க அனுமதி கேட்டோம்.
அந்த எண்ணுக்கு மட்டும்
யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

இனி அதுவும் வாடகைதான்.
அட்வான்ஸ் இல்லை, அந்த மட்டும் நல்ல ஓனர்.
ஒரு மாதம் தவறினால் பூட்டு,
சாமானெல்லாம் உள்ளே.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு பையன், குரலிலேயே ஏசி:
"மேம், உங்க வெர்ஷன்ல ஓபன் ஆகாது.
கீழ இறக்கி சேவ் பண்ணி அனுப்பட்டுமா?"
இறக்கி.
மதியச் சோற்றில் கல்லாய்க் கடிபட்டது அந்தச் சொல்.

ரிச்சி தெருவில் முபாரக் என் கணினியைத் திறந்து
தூசியை ஊதிவிட்டுச் சொன்னார்:
"சாஃப்ட்வேர் மட்டும் மாத்துறது
இடியற வீட்டுக்கு லிஃப்ட் வெக்கிற மாதிரி மேடம்."
அப்புறம் குரலைத் தாழ்த்தினார்: "கிராக் இருக்கு."
ஜிஎஸ்டி எண் வாங்கிய பிறகு
திருடும் தைரியமும் போய்விடுகிறது.

ஏழு நாள் இலவசம் என்றார்கள்.
பெஞ்சமினின் ஆபீஸ் லேப்டாப்பில், அவன் தூங்கியபின்,
ஏற்றிப் பார்த்தேன்.
வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, பொய் சொல்லக் கூடாது.
நிழலைப் பிரிக்கிறது, முடியைப் பிரிக்கிறது,
நான் அரை நாள் உட்கார்ந்து வெட்டியதை
ஒரு கொட்டாவிக்குள் வெட்டிக் காட்டுகிறது.
சரி, உன்னை ஒரு கை பார்க்கிறேன் என்று
கமலவேணி அப்பளத்தைத் திறந்தேன்.
பதினொரு வருடமாய் வருகிற பாக்கெட்,
விலை மட்டும் மாற்றி மாற்றி அச்சுக்குப் போவது.

பழைய எழுத்துரு அதற்குத் தெரியவில்லை.
எழுத்துக்கு மேலெல்லாம் இளஞ்சிவப்புப் பட்டை.
"உடையாத அப்பளம்" என்றிருந்த இடத்தில்
சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகள்,
ப் மேலும் ம் மேலும் நான் வைத்த புள்ளிகள்
இரண்டு அரைப்புள்ளிகளாய் முழித்துக்கொண்டிருந்தன.
உடையாதது முழுவதும் உடைந்து கிடந்தது.
சிரித்துவிட்டேன், அந்நேரத்தில், தனியாக.

இரவு ஒன்றரை. பழைய பாக்கெட் ஒன்றைச் சமையலறையில் தேடியெடுத்து
சுவரோரம் சாய்த்து வைத்து
புதிதாகத் தட்டத் தொடங்கினேன்.
உளுந்து மாவு. பெருங்காயம். உப்பு.
ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.
சூடான எண்ணெயில் பொறிக்கவும்.

விரல் நின்றது.

பொறிக்கவும்.
கல்லில் பெயர் வெட்டுகிற பொறி.
பதினொரு வருடம், எத்தனை லட்சம் பாக்கெட்,
சென்னை முழுக்க எண்ணெயில் எதையோ
செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறது என்னால்.
முதலாளி தணிகைவேல் பார்க்கவில்லை,
அச்சகத்தில் பார்க்கவில்லை,
ஒரு தமிழாசிரியர்கூடவா அப்பளம் வாங்கவில்லை?
பழைய பதிப்பில் அதை நான் ஒரு படம்போலத்தான்
நகர்த்தியிருக்கிறேன்.
உடைந்ததால்தான் படித்தேன்.

வல்லினத்தை அழித்து இடையினம் போட்டேன்.
பொரிக்கவும்.
யாரிடமும் சொல்வதாக இல்லை.

காலையில் வீட்டு ஓனர் போன்:
சித்திரையிலிருந்து ஆயிரம் சேர்த்துக் கொடுங்கம்மா.
சரி சார் என்றேன்.
பெட்டி மறுபடி எட்டிப் பார்த்தது.
அதற்கும்
அதே குரலில் சொல்லியிருக்கலாம்.
ஐந்து நாள் மிச்சமிருக்கிறதே என்று
மஞ்சள் தூள் பாக்கெட்டைத் திறந்தேன்,
பயந்து பயந்து.