பச்சைப் பட்டை

நேற்று ரத்தம் கொடுத்தவர் இரவுக் காவலாளி உர்மஸ்.
நானூறு மில்லி. பதிலுக்கு ஒரு சாக்லேட்,
இனித்துத் தொலைக்கும் தேநீர், அரைநாள் விடுப்பு.
விடுப்பை அவர் எடுக்கவில்லை.

தார்த்து நகரில் ஜனவரி.
ஆற்றின் மேல் ஆட்கள் நடந்து போகிறார்கள்.
குளிரறையில் நான்கு டிகிரி,
தெருவிலிருந்து வருகிறவளுக்கு அது வெயில்.

பிரித்தெடுத்த வெள்ளையணுக்களை
எஃகுக் குடுவையில் அடைத்து
நைட்ரஜனால் நெருக்கி
சட்டென்று குழாயைத் திறந்தேன்.
அணுவின் தோல் கிழிந்தது,
உள்ளிருந்த துகள்கள் கிழியவில்லை.
இந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பிறகு சர்க்கரைப் பாகு, அடியில் கெட்டி, மேலே நீர்த்தது.
எதிரில் வைத்த குழாய் ஒரு துளி இளைத்தாலும்
சுழலி உறுமும்.
கனத்தது கீழே, இலேசானது மேலே.
அதற்கு வேறு நியாயம் தெரியாது.

மேல் பட்டை வெளிறியது,
கிருமிக்கு எட்டாமல் இரும்பைப் பதுக்கும் கருமி
அதில்தான் குடியிருக்கிறான்.
கீழ்ப் பட்டை பச்சை.
கிளிப்பச்சை இல்லை, பாசிப்பச்சையும் இல்லை,
செப்புக் கூரையில் மழை விட்டுப்போகும் பச்சை.
ஒரே ஒரு நொதியின் நிறம்.
உப்பும் பெராக்சைடும் கிடைத்தால்
நீச்சல்குளத்து வாடையில் ஒரு விஷம் காய்ச்சும்.
அதுவரை
புளித்த இருட்டில்
எதிர்மின் இழைகளைக் கட்டிக்கொண்டு
வாய் திறக்காமல் கிடக்கும்.

எல்லாம் எலும்பு மஜ்ஜையில் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு.
வழியில் உலை வைக்க முடியாது.
அவிழ்த்தால் ஒரு முறைதான்,
அவிழ்க்கிற அணுவுக்கும் அதுவே கடைசி.

விடிகாலை ஐந்து மணி.
வாசலில் உர்மஸ் இருமினார்.
நாலாக மடித்த கைக்குட்டையை
இன்னும் நாலாக மடித்து மறைத்தார்.
அதற்குள் பார்த்துவிட்டேன்.

குழாயை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
"இது நீங்கள்தான்" என்றேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"திருப்பித் தருவீர்களா?
இந்த வாரம் எனக்கே தேவைப்படும் போலிருக்கிறது."

குறிப்பேட்டில் எழுதினேன்:
கொடையாளருக்குச் சளி. கணக்கில் சேர்க்க வேண்டாம்.
இரண்டு நாள் வேலை,
பாதிப் புட்டி சர்க்கரை, எல்லாம் போச்சு.

குழாயைக் கழுவும் தொட்டிவரை கொண்டுபோனேன்.
அவர் படியிறங்கும் சத்தம்,
நடுப்படியில் ஒரு இருமல்,
பிறகு சாவிக்கொத்து.

குழாய் இன்னும் கையில்தான் இருக்கிறது.