ஃப்ரிட்ஜ் இருந்த பக்கம்

செகெட் நகரில், ஆறாவது மாடியில்,
சமையலறை மேசைதான் எங்கள் ஆடுகளம்.
இரண்டு மாவுப் பொட்டலம், மேலே ஓர் உருட்டுக்கட்டை:
அது நெட்.
அண்ணன் வெண்டெல் கதவுப் பக்கம் நின்றான்.
மூத்தவன், முதலில் இடம் பிடித்தான்.
எனக்கு வாய்த்தது மறுமுனை.
வலப்புறம் ஒரு சாண் தள்ளி
ஃப்ரிட்ஜ்.

கையை வீசினால் முழங்கை தகரத்தில் இடிக்கும்,
உள்ளே முட்டைகள் குலுங்கும்.
அடுத்த அறையிலிருந்து அம்மா
பெயரை மட்டும் சொல்வாள், பிரோஷ்கா என்று.
அது அதட்டலா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.
முழங்கையை விலாவோடு ஒட்டக் கற்றேன்.
பூட்டில் சாவி திருப்புவது போல
மணிக்கட்டை மட்டும் சொடுக்கினேன்.
ஒன்பது வயது.
இடைஞ்சலைக் காட்டினாலும் இலக்கணம் என்று
எழுதிக்கொள்கிற உடம்பு.

முதல் கோணல் முற்றும் கோணல், சரிதான்.
நடுவே சில கோப்பைகளும் கிடைக்கும் என்பதை
யாரும் சொல்வதில்லை.
பன்னிரண்டில் மாவட்டப் பரிசு. பதின்மூன்றில் மறுபடி.
சொடுக்கிய பந்து எங்கே போகும் என்று
எதிரில் நின்ற பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை.
எனக்கும்தான்.

பதினாறில் பந்து கனத்தது.
மிஷ்கோல்ட்ஸிலிருந்து வந்த ஒருத்தி
சுழல் ஏற்றி ஏற்றி அனுப்பினாள்.
தோளிடம் கேட்க வேண்டிய பலத்தை
மணிக்கட்டிடம் கேட்டேன்.
பாவம், இருந்ததையெல்லாம் கொடுத்தது.
மூன்று செட். பதினான்கு நிமிடம்.

இப்போது முப்பத்தெட்டு.
பகலில் பல் மருத்துவமனையில் ரசீது போடுகிறேன்,
செவ்வாய் இரவுகளில் நகர லீக், மூன்றாம் பிரிவு.
எங்கள் அணியின் எமோகெ ஒருநாள்
என் ஆட்டத்தைச் செல்பேசியில் பிடித்து
மெதுவாக ஓடவிட்டாள்.
அகலமான அரங்கம். வலப்பக்கம் பத்தடிக்கு வெறும் தரை.
அந்த வெறுமையில் இடித்துவிடாமல்
ஒதுங்கி ஒதுங்கி அடிக்கிறாள் ஒருத்தி.
"எதுக்குப் பயப்படறே?" என்றாள் எமோகெ.
அதை எடைக்குப் போட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது
என்று எப்படிச் சொல்ல?

டிராம் நிறுத்தத்தில் வெறுங்கை வீசிப் பழகுகிறேன்.
(வண்டியைக் கைகாட்டி நிறுத்துவதாக எண்ணி
ஒரு கிழவர் நன்றி சொன்னார்.)
முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே
ஓர் ஆரஞ்சு அளவு இடம் வேண்டுமாம்.
ஆரஞ்சையே வைத்துப் பார்த்தேன்.
சட்டை நனைந்தது.
மனையில் வீடு கட்டுவது வேறு.
நான் குடியிருப்பவனை எழுப்பிவிட்டுக் கட்டுகிறேன்.
அவனோ ஒழுங்காக வாடகை தந்தவன்,
இரண்டு கோப்பை.

கிறிஸ்துமஸுக்கு வெண்டெல் வந்தான்.
லாரி ஓட்டுகிறான். தொப்பை. இருபது வருடமாக மட்டை தொடாதவன்.
கிளப்புக்கு இழுத்துப் போனேன்.
முதல் பந்திலேயே அவன் கை
தோளிலிருந்து திறந்து, முழுதாகப் போய்,
முழுதாகத் திரும்பி வந்தது.
"எப்படிடா?"
"எப்படின்னா? அடிச்சேன்."
மூச்சு வாங்க உட்கார்ந்து பீர் கேட்டான்.
அவன் பக்கம் கதவு இருந்தது. அவ்வளவுதான்.
அன்றிரவு அவனோடு நான் சரியாகப் பேசவில்லை.

போன செவ்வாய். ஐந்தாவது செட், பத்து - ஒன்பது.
மாலை முழுக்கப் புதுக் கையால்தான் ஆடினேன்,
பாதிப் பந்து வெளியே, மீதி அழகு.
அந்தக் கடைசிப் பந்து
வலப்பக்கம் வந்தது, வேண்டிய நேரம் கொடுத்து வந்தது.
கை தானாக மூடிக்கொண்டது.
ஒரு சொடுக்கு.
மேசை விளிம்பை உரசிப் பந்து எங்கோ தெறித்தது.

எமோகெ ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
எதிராளி கை நீட்டினாள்.
நீட்டிய என் முழங்கைக்குப் பக்கத்தில்
முட்டைகள் குலுங்கும் சத்தம்.