அரைப்பேர்

டிக்கோயா. விடிய மூன்றரை.
ஜன்னல் கண்ணாடியில் பனி நின்று ஈரம் வடிகிறது.
வார்ட் ஹீட்டர் பழுதென்று இரண்டு கடிதம் போட்டாயிற்று.
தராசை மேசை விளக்கின் கீழ் இழுத்து வைத்தேன்,
தட்டாவது சூடேறட்டும் என்று.

ஒரே ராத்திரியில் இரண்டு பிள்ளைகள்.
இரண்டும் பெண்.
இரண்டும் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து கிராம்.
தராசுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன்.
ஒரு கிலோதான் காட்டியது.

நில்மினியின் பிள்ளை நாற்பத்தைந்து சென்டிமீட்டர்.
தலை சிறிது, கால் சிறிது, தொடையில் ஒரு மடிப்பு.
தையல்காரன் எல்லாப் பக்கமும் ஒரே அளவு பிடித்து
சின்னதாகத் தைத்த சட்டை.

பவளராணியின் பிள்ளை நீளம்.
சோமாவதி தலையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க
நான் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத்தை நிமிர்த்தினேன்.
நாற்பத்தொன்பது.
விட்டேன், மடக்கிக்கொண்டாள்.
திரும்ப நிமிர்த்தினேன்.
நாற்பத்தொன்பதேதான்.
தோல் அவளுக்குப் பெரியது;
அக்காவின் யூனிபோமைப் போட்டுக்கொண்டு வந்தவள் போல.

எடையை நீளத்தால் வகுக்க வேண்டும்.
வந்ததை இன்னொரு தரம். வந்ததை இன்னொரு தரம்.
பிறகு நூறால் பெருக்க,
நில்மினியின் பிள்ளைக்கு இரண்டரை.
மற்றவளுக்கு ஒன்று தசம் ஒன்பது ஆறு.
போன் கல்குலேட்டர் யோசிக்கவே இல்லை.

நான்தான் யோசித்தேன்.
கிளினிக் கார்டில் பவளராணியின் நிறை
இருபத்தெட்டாம் வாரத்தோடு ஏறாமல் நிற்கிறது.
எலும்பு தன்பாட்டில் நீண்டுகொண்டு போக
கொழுப்பு வரவேண்டிய கிழமைகளில்
கொழுப்பு வரவில்லை.
தலை மட்டும் முப்பத்து நாலு.
இருப்பதை முதலில் மூளைக்குக் கொடுப்போம்,
கைகாலைப் பிறகு பார்ப்போம் என்று
ஒரு முடிவு நடந்திருக்கிறது உள்ளே,
யாரையும் கேட்காமல்.

மேற்கையின் பின்புறத் தோலை
பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்து
கவ்வியை வைத்தேன். இரண்டு நொடி.
பவளராணி என் முகத்தைப் பார்க்கவில்லை.
விரல்களைப் பார்த்தாள்.
அந்தப் பிடி அவளுக்குத் தெரியும்,
எட்டாம் மாதம் வரைக்கும்
நாளெல்லாம் அதைத்தான் செய்தாள்.

"துணிக்கு எவ்வளவு வெட்டினீங்க மிஸ்ஸி?"

எனக்கு உடனே விளங்கவில்லை.
"மழ நாள்ல தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டுவாங்க,
சாக்குக்கு ஒன்னு. அதான் கேட்டேன்."

துணியை மட்டும் தட்டில் வைத்துக் காட்டினேன்.
அறுபத்திரண்டு. பொத்தானை அமுக்க, பூச்சியம்.
அதற்கு மேல்தான் பிள்ளை.
பிள்ளையில் ஒரு கிராம்கூட வெட்டவில்லை என்றேன்.

"எவ்வளவு வரணும்?"
"ரெண்டரை கிலோ."
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அப்ப அரைப்பேரா போடுவீங்க?"

சிரித்தாளா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.
அடுத்த கட்டிலிலிருந்து நில்மினி
என்ன சொல்கிறாள் என்று சிங்களத்தில் கேட்டாள்.
சோமாவதி வாயைத் திறந்தாள், மூடினாள்.
எனக்கும் வார்த்தை வரவில்லை.
தமிழில் வந்தால்தானே சிங்களத்தில் வரும்.

பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினேன்.
நிறை. நீளம். தலை. கை. தோல் மடிப்பு, மூன்று மில்லிமீட்டர்.
குறிப்பில்: மெலிவு. சூடு காக்க. சீனி பார்க்க.
ஒரே எடைதான்; ஆனாலும்
மெலிந்தவளைத்தான் முதலில் குத்த வேண்டும்.
அதற்குத்தான் இத்தனை வகுத்தலும்.

பெயர் என்ற இடத்தில்
'பவளராணியின் பிள்ளை' என்று எழுதுவது வழக்கம்.
இன்றைக்கு எழுதவில்லை.
அந்தக் கோட்டை முழுதாக விட்டுவைத்தேன்.

நாலு மணிக்குக் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம்.
அதற்கு முன்னம் பால் குடித்துவிட்டால் நல்லது.
இப்போதுதான் வாயைத் திறக்கிறாள்.