நேரசூசி

அலுமாரிக் கதவில் ஒட்டிய நேரசூசியில்
திங்கள் எட்டு மணிக்குக் கணிதம்.
திங்கள் எட்டு மணிக்கு
ஓடு ஒழுகிற இடங்களுக்கெல்லாம்
வாளி வைத்துக்கொண்டிருந்தோம்.
ஐந்து வாளி, ஒரு சருவச்சட்டி.
எது எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறதென்று
டெல்சியா கரித்துண்டால் சுவரில் எழுதினாள்.
இதுவும் கணிதம்தான் என்றேன்
ஒருவரும் கேட்காமலே.

புலமைப்பரிசில் வகுப்புக்குப் போன நாட்களில்
விடியக் குடித்த தேத்தண்ணியைக்
கிணற்றடியில் சத்தியெடுப்பாள்.
ஆவணியோடு நிறுத்தினோம்.
கல்விக் கந்தோரிலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்தார்.
காரணத்துக்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தது.
றெமீஜியஸ் பேனையைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
சுகவீனம் என்று எழுதினார்.
யாருடையது என்று எழுதவில்லை.

ஆத்துமாக்கள் நாளன்று சேமக்காலை முழுக்கச் சேறு.
குடைக்குள்ளும் மெழுகுதிரி நிற்கவில்லை.
நான் நெருப்புப்பெட்டியோடு மல்லுக்கட்ட
ஜொயல் கல்லுக்குக் கல் போய்க் கழித்தான்,
கீழே உள்ள ஆண்டிலிருந்து மேலே உள்ளதை.
எழுபத்தொன்று.
ஐம்பத்தெட்டு.
கடன் வாங்கிக் கழித்து, எண்பது.
பிறகு பத்தொன்பது. இருபத்திரண்டு.
நாலு.
நாலு வந்ததும் விரல்விட்டு மறுபடி செய்தான்.
“அம்மா, இது பிழையோ?”
“இல்லை ராசா, சரி.”
“பக்கத்துக் கல்லும் இதே ஆண்டிலைதான் முடியுது.
அங்காலையும்.”
“ஓம்.”
சரியான விடைக்குப் புறங்கையில்
நட்சத்திரம் கீறிவிடுவது என் வழக்கம்.
கையை நீட்டிக்கொண்டு நின்றான்.
பேனை கொண்டுவரவில்லை என்றேன்.
கைப்பைக்குள் மூன்று கிடந்தன.

மழை விட்ட ஒரு வியாழன்
ஓட்டோவில் பண்ணைப் பாலத்துக்குப் போனோம்.
பூநாரைகள் வந்திருந்தன.
படத்தில் கண்ட சிவப்பு இல்லை,
தோய்த்துத் தோய்த்து வெளிறிய துணியின் நிறம்.
ஜொயல் நாற்பத்துமூன்று வரை எண்ணினான்,
பஸ் ஒன்று கோன் அடிக்க எல்லாம் எழும்பிவிட்டன.
எல்லோரும் மேலே பார்த்தார்கள்.
நான் டெல்சியாவின் தொண்டையைப் பார்த்தேன்.
இரண்டு றோல்ஸ் சாப்பிட்டாள்.
இரண்டும் உள்ளே நின்றன.
அன்று இரவுச் செபமாலையில்
நான் சொன்ன ஒரே புது மன்றாட்டு அதுதான்,
அதற்கு நன்றி.

திருவருகைக்கால வளையத்துக்கு
ஊதா மெழுகுதிரி கடையில் இல்லை.
வெள்ளைத் திரியை உருக்கி
உடைந்த கிறயோன்களைப் போட்டுக் கிண்டி
பப்பாசிக் குழாய்களில் வார்த்தோம்.
மூன்று ஊதா, ஒன்று ரோசா.
ரோசா கொஞ்சம் இறைச்சி நிறத்தில் வந்தது.
விளக்கீட்டன்று பக்கத்து வீட்டுத் தவமலர்
வாழைக்குற்றியில் வைத்த சுட்டி
காற்றுக்கு அணைந்து அணைந்து போக,
ஜொயல் ஒரு ஊதாவைத் தூக்கிக்கொண்டு
வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவிட்டான்.
ஆண்டவர் எண்ணிப் பார்க்கமாட்டார் என்றார் றெமீஜியஸ்.
நான் எண்ணினேன்.
மூன்று.

பாலன் குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று
ரின்மீன் பேணிகளில் குரக்கன் விதைத்தோம்.
தண்ணீர் கூடி நாலு பேணியும் அழுகின.
விஞ்ஞானம், செவ்வாய், பத்து மணி:
ஏன் அழுகின?
எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.
விடை எனக்கும் முழுக்கத் தெரியாது.

நேற்று வாளி தேடப் போனவள்
கொளுவியில் தொங்கிய பழைய புத்தகப் பையைத் திறந்தாள்.
விதைச் சரை அதற்குள் கொட்டியிருந்திருக்கிறது.
ஒழுக்குத் தண்ணீர் ஒரு மாதமாய் அதற்குள்.
பென்சில்பெட்டிக்கு மேலே,
இரண்டாம் தவணைப் புள்ளி அறிக்கைக்கு மேலே,
வெளிச்சம் காணாத மஞ்சளில்
விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது குரக்கன்.

பிடுங்கி நடுவம் என்றேன்.
வேண்டாம் என்றாள்.
பையை வாய் திறந்தபடி யன்னலில் வைத்தாள்.
இன்று நுனியில் கொஞ்சம் பச்சை.

“இதைக் காது உடைஞ்ச மாடு தின்னுமோ?”
என்று ஜொயல் கேட்கிறான்.
சுண்ணாம்பு மாடு.
டெல்சியா யோசிக்கிறாள்.
மணி எட்டு ஐம்பது.
கணிதம் இன்னும் தொடங்கவில்லை.